துண்டுக்கடியில் பேசும் உன் மருமகள்

பிரியமுள்ள அண்ணனுக்கு,

மட்டாஞ்சேரி மிளகுச் சந்தையில் நீ தரகனாக இருந்தது போதாதென்று என் மகள் செல்வியையும் தரகியாக்கிவிட்டுப் போய்விட்டாயே. அதற்காக உன்னோடு சண்டை போடத்தான் இந்தக் கடிதம்.

சந்தையில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதுபோல் அவளுக்கும் பழக்கினாய். ஒரு விரலைப் பிடித்தால் தண்ணீர், இரண்டைப் பிடித்தால் பிஸ்கட், கை முழுவதையும் பிடித்தால் மாமா. இரண்டரை வயதாகியும் பேச்சு வரவில்லையே, டாக்டரிடம் காட்டலாம் என்று நான் அழுதபோது என்ன சொன்னாய்? "தரகன் வீட்டுப் பிள்ளை எதுக்குடி கத்தணும்? சாயா ஆறுது, குடி."

நீ கண்ணை மூடிய மறுமாதமே போட் ஏறி எர்ணாகுளம் போனேன். உன் சிவப்புத் துண்டு இல்லாமல் அவள் படியிறங்க மறுத்தாள். டாக்டரம்மா அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு தட்டில் கரண்டியால் ஓங்கித் தட்டினார். வெளியே காத்திருந்த குழந்தைகள்கூட அழுதன. இவள் திரும்பவே இல்லை.

மேசைமேல் பிஸ்கட் இருந்தது. இவள் டாக்டரம்மாவின் கைமேல் துண்டைப் போட்டு இரண்டு விரலைப் பிடித்தாள். நான் விளக்கிச் சொன்னதும் கொடுத்தார். தின்று முடித்ததும் மறுபடி துண்டு, இந்த முறை ஒரு விரல்.

டாக்டரம்மா சிரித்துவிட்டு மலையாளம் கலந்த தமிழில் சொன்னார். "புத்திக்கு ஒரு குறவும் இல்ல. செவிதான் பிரஸ்னம், காது கேக்கல. இப்பவே கொண்டு வந்தது நல்லதாச்சு."

தாமதமாக்கியது நீ. அவளுக்குச் சாட்சி சொன்னது உன் துண்டு. உன்னைத் திட்டுவதா, கும்பிடுவதா?

இப்போது காது கேட்க அவள் நெஞ்சில் டிரான்சிஸ்டர் மாதிரி ஒரு பெட்டி, அதிலிருந்து காதுக்கு ஒரு வயர். முதல் நாள் படகின் ஹாரன் கேட்டு அலறி என் மடியில் ஏறிக்கொண்டாள். நானும் சேர்ந்து அழுதேன். பேச்சுப் பயிற்சி டீச்சர் ஒரு கட்டளை போட்டிருக்கிறார்: விரலைப் பிடித்தால் புரியாததுபோல் இருக்க வேண்டும், வாயால் கேட்டால்தான் கொடுக்க வேண்டும். ஆக, வீட்டில் இப்போது மக்கு நான்தான்.

நேற்று துண்டைப் போட்டு என் கை முழுவதையும் பிடித்தாள். புரியாததுபோல் உட்கார்ந்திருந்தேன். மூக்கு விடைக்க முறைத்தாள். பிறகு மூச்சை இழுத்து, "மாமா" என்றாள்.

வாயால் கேட்டுவிட்டாள் அண்ணே. நான் எதை எடுத்துக் கொடுப்பேன்?

துண்டைத்தான் கொடுத்தேன். பேச்சு முழுசாக வரட்டும், உன்னைப் பற்றி எல்லாம் சொல்லிவிடுகிறேன், அந்தச் சாயா விஷயம் உட்பட. இது சத்தியம்.

உன் விரலைப் பிடித்தே நடக்கக் கற்ற தங்கை,
பார்வதி