மேம்பாலப் படியும் புதுக் கண்ணாடியும்

செவ்வாய்க்கிழமை, இரவு

காலையில் ஆவடி ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் இறங்கும்போது தடுமாறிவிட்டேன். புதுக் கண்ணாடிதான் காரணம். ஒரே லென்சில் மேல்பாதி தூரத்தில் பார்க்க, கீழ்ப்பாதி கிட்டத்தில் படிக்க. கண்ணைத் தாழ்த்திப் படியைப் பார்த்தால் எல்லாம் தண்ணீருக்குள் இருப்பதுபோல் ஆடுகிறது. கூட வேலை பார்க்கும் சாந்தி கையைப் பிடிக்காவிட்டால் விழுந்திருப்பேன்.

அவளே என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டாள். சாயங்காலம் உள்ளே நுழைந்ததும் ஆரம்பித்தார்.

"அந்தக் கண்ணாடிய திருப்பிக் குடுத்துடு. நாளைலேர்ந்து ரயிலும் வேணாம், நானே பைக்ல கொண்டுபோய் உடறேன்."

"இத்தினி வருசமா நான்தானே போயிகினு வரேன்?"

"உழுந்து கால ஒடச்சிக்கினா யாரு பாக்கறது?"

கண்ணாடியோடு குவார்ட்டர்ஸ் மாடிப்படிக்குப் போனேன். கண்ணை மட்டும் தாழ்த்தக்கூடாது, முகத்தையே தாழ்த்த வேண்டும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். மோவாய் நெஞ்சில் இடிக்கக் குனிந்தேன். படியின் ஓரம் பளிச்சென்று தெரிந்தது. கைப்பிடியைத் தொடாமல் கீழ்த்தளம்வரை இறங்கினேன், ஏறினேன், மறுபடி இறங்கினேன்.

கீழ்வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா, எதுனா தொலஞ்சிடுச்சா?"

"இல்லக்கா, நடக்கப் பழகறேன்."

கழுத்து வலிக்கிறது. வலிக்கட்டும். நாளைக்கும் ரயில்தான், இதே கண்ணாடிதான் என்று அவரிடம் சொல்லியாயிற்று. முறைத்தார். இப்போது பக்கத்தில் படுத்துக்கொண்டு, போனைக் கை நீண்ட மட்டும் தள்ளிப் பிடித்து, கண்ணை இடுக்கி ஏதோ படிக்கிறார். இவருக்கும் கண்ணாடி வேண்டும். சொன்னால் ஒத்துக்கொள்ளவே மாட்டார்.