சோர்லி திருப்பி வைத்த கல்

1915 பிப்ரவரி 3

பனி. ஆடுகளுக்கு வைக்கோல் போடப் போனபோது மேட்டுப் பக்கம் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே போனேன். பார்த்துவிட்டுத்தான் வந்தேன். என் கணவர் லாக்லன் போருக்குக் கிளம்பிய அன்று வைத்த கல், சிவப்புக் கோடு ஓடியது, அப்படியே இருக்கிறது. எங்கள் பள்ளத்தாக்கில் சண்டைக்குப் போகிறவன் ஒரு கல்லை வைத்துவிட்டுப் போவான். உயிரோடு வந்தால் தன் கையால் எடுத்துக்கொள்வான். யாரும் எடுக்க வராத கற்கள்தான் அந்தக் குவியல். என் தோள் உயரம் இருக்கிறது.

பயமாக இருக்கிறது. யாரிடம் சொல்ல? அத்தையிடமா, அவர் அம்மாவிடமா? “நீ பயந்தா குண்டு வழி மாறிப் போயிருமா? போய்ப் பால் கற” என்பார்.

பிப்ரவரி 9

மத்தியானம் ஒரு ஆள் வந்தான். சேறு காய்ந்த பட்டாளத்துக் கோட்டு, முப்பது வயது இருக்கும். பேசியது எங்கள் மொழிதான், ஆனால் பழைய பாட்டுகளில் மட்டுமே கேட்டிருக்கிற சொற்கள்.

“உங்க அடுப்புச் சுவர்ல என் கல்லு ஒண்ணு இருக்கு, தாயி. வாங்கிட்டுப் போக வந்தேன்.”

அத்தை கொதிக்கிற கஞ்சியைக் கையில் ஊற்றிக்கொண்டார்.

“நீ சோர்லிதானே?”

“ஆமா.”

“இத்தனை காலமா என்னடா பண்ணிக்கிட்டிருந்தே? ஸ்காட்லாந்துக்கு வழி மறந்து போச்சா?”

“வழி மறக்கல, கிழவி. பயந்துக்கிட்டு இருந்தேன்.”

“யாருடா கிழவி? உன் வயசு என்ன, என் வயசு என்ன?”

அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாட்டுக் கொட்டிலில் வைத்து அத்தை விஷயத்தைச் சொன்னார். இந்த வீட்டுக்குள் மட்டும் வழிவழியாக வரும் கதையாம். துப்பாக்கிக்கு முந்தைய காலம். இவன் மனைவி ஃபினோலா, அங்கே சண்டை நடக்கும்போதே பயம் தாங்காமல் குவியலுக்கு ஓடி, இவன் கல்லை எடுத்து வந்து ஒளித்துவிட்டாள். சண்டையில் இருக்கும்போதே வேறொருவர் கல்லை எடுத்துவிட்டால் அவன் சாவின் கணக்கில் வரமாட்டானாம். கழுத்தில் கோடரி இறங்கியும் எழுந்து வீட்டுக்கு நடந்து வந்தானாம். அவள் கிழவியாகிச் செத்தாள். இவன் அப்படியே இருந்தான். பேய் என்று ஊரே அடித்துத் துரத்தியது. கேட்டு வந்தால் மறுக்காமல் கொடுத்துவிட வேண்டும் என்பது அவள் கடைசிச் சொல்.

கதவுக்கு அந்தப் பக்கம்தான் படுத்திருக்கிறான். கடவுளே, இது என்ன?

பிப்ரவரி 10

காலையில் மூன்று பேருக்கான உப்பு மீனை ஒருவனே சாப்பிட்டான். “சாகாதவனுக்கு எதுக்குடா பசி?” என்றார் அத்தை. “பசி போகல. சாவு மட்டுந்தான் போச்சு.”

லாக்லன் இருக்கிற இடத்திலிருந்துதான் வந்திருக்கிறான். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

“குண்டு விழுந்து மண்ணு மூடிக்கிச்சு, தாயி. கூட இருந்த பயலுங்க அம்மா, அம்மான்னாங்க. அப்புறம் ஒவ்வொருத்தனா அடங்கிட்டாங்க. நான் கேட்டுக்கிட்டே கெடந்தேன். எத்தனையோ ராஜாவுக்குச் சண்டை போட்டவன். ஆனா அந்த மண்ணுக்குள்ள இன்னொரு தடவை போக மாட்டேன்.”

பிறகு, நான் கேட்காமலேயே: “ஃபினோலா ஆசையிலதான் செஞ்சா. எனக்குத் தெரியும். இருந்தாலும் ஒருநாள்கூட நான் அவளுக்கு நன்றி சொன்னதில்ல.”

என் முகத்தையே பார்த்துக்கொண்டு சொன்னான். ஏன் என்னைப் பார்த்துச் சொன்னான்?

பிப்ரவரி 11

சுவரிலிருந்து கல்லைப் பெயர்த்தெடுத்து மூவரும் மேட்டுக்குப் போனோம். குவியலுக்கு முன்னால் நின்று, “பாரு, இத்தனை வெட்டு வாங்கினவன் நடுங்குறேன்” என்றான். வைத்தான்.

கழுத்துதான் முதலில் பிளந்தது. பிறகு மார்பு, தொடை, பட்ட காயமெல்லாம் ஒன்றாகத் திறந்துகொண்டன. கத்தக்கூட இல்லை. பனியெல்லாம் சிவப்பு. அத்தை அவன் கண்களை மூடிவிட்டு, “வீடு வந்து சேர்ந்துட்டே, போ” என்றார். அங்கேயே புதைத்தோம். தரை இறுகிக் கிடந்ததால் சாயங்காலம் ஆகிவிட்டது.

அத்தை முன்னால் இறங்கிப் போனார். நான் பின்தங்கினேன்.

பிப்ரவரி 12

லாக்லனின் கல்லை எடுத்துவிட்டேன். எல்லாம் தெரிந்துதான் எடுத்தேன். அந்த மண்ணுக்குள் அவர் மூச்சு அடங்குவதை நினைத்தேன், கை தானாகப் போயிற்று. மாவுப் பெட்டிக்கு அடியில் இருக்கிறது. யாரும் பார்க்கவில்லை.

அக்டோபர் 4

லாக்லனின் படைப்பிரிவில் அவரைத் தவிர ஒருவரும் மிஞ்சவில்லையாம். சர்ச்சில் எல்லோரும் என் கையைப் பிடித்து அதிர்ஷ்டக்காரி என்றார்கள். கையை உருவிக்கொண்டு வந்துவிட்டேன்.

1919 ஜனவரி 20

வந்துவிட்டார். சாப்பிட உட்காரக்கூட இல்லை, கல்லை எடுக்க மேட்டுக்குப் போனார். வெறுங்கையோடு திரும்பினார். அத்தை என்னைப் பார்த்தார். எல்லாம் புரிந்துவிட்டது அவருக்கு. எழுந்து வெளியே போய்விட்டார்.

“மார்சலி, எனக்கு மார்ல நாலு ஓட்டை விழுந்துச்சு. விரலை விட்டுப் பாத்தேன். விடிஞ்சப்ப மூடியிருந்துச்சு. அப்பவே சந்தேகப்பட்டேன். எங்க கல்லு?”

“எடுத்தேன். நான்தான் எடுத்தேன். என்னால முடியலங்க… நீங்க இல்லாம எப்படி இருப்பேன்னு…”

திட்டுவார் என்று நினைத்தேன். அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை.

“திருப்பி வெச்சா?”

நான் பார்த்ததைச் சொன்னேன். கழுத்து, மார்பு, பனி, எல்லாவற்றையும். வெகுநேரம் சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டிருந்தார்.

“சரி. நீ இல்லாம நான் எப்படி இருப்பேன்னு யோசிச்சியா?”

ஆடுகளைப் பார்க்கப் போய்விட்டார்.

மார்ச் 2

இன்று குவியல் வரை கல்லை எடுத்துக்கொண்டு போனேன். திரும்பக் கொண்டுவந்துவிட்டேன்.