ஆற வைத்த வண்டி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீ உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி எழுந்து வேலைக்குப் போய்வருகிறாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். இங்கே நான் நன்றாக இருக்கிறேன், உன் அப்பாவும் இருக்கிறார், அவர் எப்படி இருக்கிறார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். போனில் பேசலாம் என்றால் ஹாலில்தான் அவர் கட்டில் கிடக்கிறது, காது மட்டும் ஊரைச் சுற்றி வரும், அதனால்தான் கடிதம். நம் கார் புகைச் சோதனையில் இரண்டு தடவை தோற்றது உனக்குத் தெரியும். மூன்றாவது தடவையும் தோற்றால் அதைத் தெருவில் ஓட்டவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கார் போனால், இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு அப்பா ஆஸ்பத்திரிக்குப் போய்ச் செய்யும் பயிற்சியும் போச்சு. பஸ் படியில் அவரால் கால் வைக்க முடியாது, பயிற்சியை நிறுத்தினால் அந்தக் கால் அப்படியே இறுகிப் போய்விடும், பிறகு நாற்காலிதான் என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொன்னார். நான் எவ்வளவு பயந்திருப்பேன் என்று நீயே நினைத்துப் பார்.

தோற்றது எதனால் தெரியுமா, உன் சித்தப்பா கொடுத்த யோசனையால். மரியாதைக்கு அவர் இவர் என்று எழுதுகிறேன், மனசுக்குள் வேறு மாதிரிதான் ஓடுகிறது. முதல் சோதனைக்கு முன்னால் பக்கத்துப் போர்ஷனிலிருந்து வேலை மெனக்கெட்டு வந்து, அண்ணி, வண்டி சூடா போனா புகை கக்கும், நல்லா ஆற வெச்சு எடுத்துட்டுப் போங்க என்றார். இதுவரை சோதனைக்கு எடுத்துப்போனதெல்லாம் உன் அப்பா, எனக்கு என்ன தெரியும். ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு போவதில்லையா, அந்த மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். முந்தின நாளே வண்டியைத் தொடாமல் நிறுத்தி, பானெட்டைத் திறந்து வைத்து, ரேடியேட்டர்மேல் ஈரச்சாக்கு போட்டு, காலையில் நம் தெரு இறக்கமாக இருக்கிறதே என்று என்ஜினைப் போடாமலே சோதனைக்கூடம் வரை உருட்டிக்கொண்டு போனேன். தோற்றது. இன்னும் ஆறவில்லை போலிருக்கிறது என்று அடுத்த தடவை இரண்டு சாக்கு போட்டேன். டிப்போ ஒர்க்ஷாப்பில் காலமெல்லாம் பஸ் என்ஜினோடு குடும்பம் நடத்தியவர் உன் அப்பா, அவரைக் கேட்காமல் இல்லை. தம்பிதான் சொல்றான்ல, செய் என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இரண்டாம் தடவை தோற்றதும் நான் அங்கேயே அழுதுவிட்டேன். சோதனை செய்கிறவர் பானெட்டில் கை வைத்துப் பார்த்துவிட்டு, என்னம்மா, ஐஸ் பெட்டியிலேர்ந்து எடுத்துட்டு வந்தீங்களா என்று கேட்டார். ஆறிக் கிடக்கிற என்ஜின் பெட்ரோலை முழுசாக எரிக்காதாம், பாதி அப்படியே வெளியே வருமாம். புகைக்குழாயில் நச்சைப் போக்க ஒரு டப்பா வேறு இருக்கிறதாம், அதுவும் நன்றாகச் சூடேறினால்தான் வேலை செய்யுமாம். நீயும் அங்கே வண்டி வைத்திருக்கிறாய், கேட்டுக்கொள், சோதனைக்குப் போகும்முன் நன்றாக ஓட்டிச் சூடேற்று, வரிசையில் நிற்கும்போது என்ஜினை அணைக்காதே. அதைக் கேட்டதும் எனக்கு எல்லாம் புரிந்துபோனது. ஷெட்டில் நம் கார் நிற்கிறது, சித்தப்பாவின் புதுக் கார் வெயிலில் காய்கிறது. நம் வண்டி ஒழிந்தால் ஷெட் அவருக்கு. ஒரு ஷெட்டுக்காகச் சொந்த அண்ணன் காலை வாரிவிட்டாரே என்று எனக்கு வயிறு எரிந்தது.

மூன்றாம் சோதனைக்கு, தம்பி, துணைக்கு வாங்க என்று குழைவாகக் கூப்பிட்டேன். மறுக்க வழியில்லாமல் வந்து உட்கார்ந்தார். நல்ல கோடை வெயில், ஜன்னல்களை ஏற்றிவிட்டு ஹீட்டரை முழுசாகத் திருப்பினேன். திறந்தா வண்டி ஆறிடும் தம்பி என்றேன். உண்மையில் ஹீட்டர் போட்டால் என்ஜின் சூடுதான் குறையும், அதற்காக இன்னும் இரண்டு சுற்று கூடுதலாக ஓட்டினேன். என்ஜின் சூட்டைக் காட்டும் முள் நடுவுக்கு வந்து அசையாமல் நின்றது. உன் சித்தப்பா சட்டையைப் பிழிந்தால் ஒரு வாளி தேறும். அண்ணி, போதும் அண்ணி என்றார், எனக்கு அதைக் கேட்க அவ்வளவு சுகமாக இருந்தது. வரிசையிலும் என்ஜினை அணைக்கவில்லை, ஹீட்டரையும் அணைக்கவில்லை. வண்டி பாஸ். தோற்றுப்போன முகத்தைப் பார்க்கலாம் என்று பக்கத்தில் திரும்பினால், அவர் வெளியே இறங்கி நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, என்னை ஏன் அண்ணி வதைக்கறீங்க, அப்படிச் சொல்லச் சொன்னதே அண்ணன்தான் என்றாரே பார்க்கலாம்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டில் பக்கத்தில் நின்று கேட்டேன். அவர் மறைக்கவில்லை. அந்தப் பயிற்சி சொல்லிக் குடுக்கற பொண்ணு முன்னாடி தினம் விழறேன், நீ அந்த ரூம் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்னு பாக்கறே, வண்டி இல்லேன்னா நீயே விட்டுடுவேன்னு நெனச்சேன் என்றார். அழுகை வந்தது, அதைவிடப் பெரிதாகக் கோபம் வந்தது. இத்தனை வருஷம் என்னோடு வாழ்ந்துவிட்டு, நான் விட்டுவிடுவேன் என்று நினைத்திருக்கிறார் பார். சித்தப்பாவிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன், அண்ணன் சொன்னால் தலையாட்டியதற்கு அந்தச் சூடு சரியாகப் போயிற்று. உன் அப்பாவுக்குத் தண்டனையாக வாரத்துக்கு ஒரு நாள் பயிற்சியைக் கூட்டிவிட்டேன், தூக்கி உட்கார வைக்க ஆள் சித்தப்பாதான், அண்ணனும் தம்பியும் பின்சீட்டில் வாய் திறக்காமல் வருகிறார்கள். நான் இப்போது கண்ணாடிக்கு இந்தப் பக்கம், உள்ளேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். விழுந்தால் எழுந்திருங்க என்கிறேன், வேறு ஒன்றும் சொல்வதில்லை.

உன்னிடம் போனில் புலம்புவார், இரக்கப்பட்டு அம்மாவை விட்டுக்கொடுத்துப் பேசாதே. நீ தீர்க்காயுசாக, நினைத்ததெல்லாம் நடந்து, மனம் நிறைந்து இரு. லீவுக்கு வரும் தேதியை முன்கூட்டிச் சொல், ஆனால் காலிங்பெல் அடித்துவிட்டுக் கொஞ்சம் பொறுமையாக நில். நான் திறக்க மாட்டேன். அவர் நடந்து வந்து திறக்க நேரமாகும்.

இப்படிக்கு,
உன் அப்பாவை விடுவதாக இல்லாத
உன் அம்மா