ஏழாவது பாட்டு

தூத்துக்குடி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள சிவபாலனுக்கு அம்மா எழுதுவது,

போனில் பேசாமல் இப்படிக் கடிதம் எழுதி உன்னை இரண்டு பக்கம் படிக்க வைப்பதற்குக் கோபித்துக்கொள்ளாதேப்பா. போனில் உன் குரலைக் கேட்டதும் எல்லாம் நல்லாயிருக்கு என்று சொல்லி வைத்துவிடுகிறேன், அப்புறம் நாள் முழுக்கச் சொல்லாததே மனசில் கிடக்கிறது. நான் சுகம், உன் தங்கச்சி முத்துச்செல்வி வீட்டிலும் சுகம்தான், மலேசியாவில், கிள்ளானில் நீங்கள் மூன்று பேரும் அப்படியே இருந்தால் போதும். குழாய்த் தண்ணீர் நாலு நாளைக்கு ஒரு தடவை வருகிறது, முட்டி வலியோடு குடம் தூக்க முடியவில்லை, பாதிக் குடமாகப் பிடித்து வைக்கிறேன்.

உங்கள் பாட்டுக் குழுவின் புதுத் தொகுப்பைப் பற்றி அம்மா என்ன நினைக்கிறாய் என்று மூன்று தடவை கேட்டுவிட்டாய். "கரித்தூள்" வந்த நாளிலிருந்து ஊரில் ஆளாளுக்கு என்னிடம்தான் கருத்துச் சொல்கிறார்கள், கேட்டுக் கேட்டே களைத்துவிட்டேன். கடைக்குப் போனால் செந்தூர்பாண்டி அண்ணாச்சி, ஏளா செண்பகம், ஒம் மவன் பாடுதானா ஏலம் போடுதானா, நடுவுல மூச்சாவது விடச் சொல்லு என்கிறார். ஆனால் துறைமுகத்துக் கரியைப் பற்றி நீ பாடுவதை இரண்டு தடவை கேட்டிருக்கிறார், அதையும் அவரே சொன்னார். அப்பாவோடு கரி இறக்கிய டேவிட்சன் வந்து, துண்டை வாயில் வைத்துக்கொண்டு முழுசும் கேட்டுவிட்டு, மதினி, மத்தியான ஷிப்ட் ரெண்டு மணிக்கு, தம்பி மூணுன்னு பாடிட்டான், வேற கொற ஒண்ணுமில்ல என்று சொல்லி டீகூடக் குடிக்காமல் போய்விட்டார். எதிர்வீட்டு ஜெமிமா, காலேஜ் போகிற பிள்ளை, போனில் ஜனங்கள் எழுதுவதைக் காட்டுவாள். இருபது வருஷமாக ஆட வைத்தவர்கள் இப்போதுதான் யோசிக்க வைத்திருக்கிறார்கள் என்று ஒருத்தர். பாடம் எடுக்காதீங்கப்பா, பழைய மாதிரி பாடுங்க என்று ஒருத்தர். மலேசியாவில் ஏசியில் உட்கார்ந்துகொண்டு தூத்துக்குடிக் கரியைப் பாட என்ன யோக்கியதை என்று இன்னொருத்தர். அவருக்குப் பதில் எழுதலாம் என்று பேனாவெல்லாம் எடுத்தேன், கூச்சமாக இருந்தது, விட்டுவிட்டேன். நீ பாடியதில் பொய் ஒன்றும் இல்லை. அப்பா இருமிய இருமலைக் கேட்டவள் நான்.

ஏழாவது பாட்டைப் பற்றி மட்டும் நான் ஒன்றும் சொல்லவில்லை என்று நீ கவனித்திருப்பாய். மூன்று வருஷத்துக்கு முன்னால் அப்பாவைக் கிடத்தியிருந்தபோது நான் அழுததை நீ போனில் பிடித்து வைத்திருந்ததும் அதை அந்தப் பாட்டில் சேர்த்ததும் எனக்குத் தெரியாது. ஜெமிமா காட்டியதில் பாதிப் பேர் அந்தக் குரலைத்தான் புகழ்கிறார்கள். ஒருத்தர், அது நிஜக் குரலே இல்லை, கம்ப்யூட்டரில் செய்தது என்று எழுதியிருந்தார். போன வாரம் ஷேர் ஆட்டோவில் வந்தேன், டிரைவர் உன் பாட்டுகளைப் போட்டிருந்தார், ஏழாவது வந்தது. பக்கத்தில் இருந்த ஒரு பொம்பளை, ஏலே, எழவு வீட்டு ஒப்பாரிய ஓடுத வண்டியிலயா வைப்பாவ, நிறுத்துலே என்று சத்தம் போட்டாள். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். என் குரல்தான் என்று சொல்ல வாய் வரவில்லை.

குறை சொல்லவில்லை. இந்தத் தெருவில் முதலில் டிகிரி வாங்கியவள் என்று பெயர், ஆனால் நாலு பேர் முன்னால் நான் வாயைத் திறந்தது அந்த ஒரு நாள்தான். அடுத்த மாதம் சென்னைக் கச்சேரியில் என்னை மேடையில் நிறுத்தி அந்தப் பாட்டைப் பாடப் போவதாகச் சொன்னாய், டிக்கெட்டும் அனுப்பிவிட்டாய். ஒத்திகை வீடியோ பார்த்தேன், என் குரல் "தங்கதுரை" என்று கூப்பிட, நீங்கள் எல்லோரும் கையைத் தூக்கித் திருப்பிச் சொல்கிறீர்கள், பதினோரு தடவை. முப்பத்தொன்பது வருஷத்தில் அவுக பெயரை நான் சொன்னதில்லை, உனக்கே தெரியும். ரேஷன் கடையில் கேட்டால்கூடக் காகிதத்தில் எழுதித்தான் காட்டுவேன். அன்றைக்கு அவுக காதுக்குத்தான் சொன்னேன்.

வெயிலில் அலையாதே. கச்சேரி முடிந்ததும் காது இரைகிறது என்றாயே, டாக்டரிடம் காட்டு, தள்ளிப்போடாதே. மருமகளுக்கும் பேத்திக்கும் என் ஆசி. நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும்.

கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்துத்தான் இவ்வளவு தூரம் எழுதினேன். பாட்டு இருக்கட்டும், என் அழுகையும் இருக்கட்டும், ஜனங்கள் கேட்க வேண்டியதுதான். சென்னைக்கு முன்னால் அவுக பெயரை நான் கூப்பிடும் இடத்தை மட்டும் எடுத்துவிடு, ராசா.

உன் அம்மா,
த. செண்பகம்