ஐந்து வயதுக் கணவர்

அக்டோபர் 9, வியாழன்

முப்பத்தொரு விடைத்தாள்கள். கேள்வி நான் கொடுத்ததுதான்: 'மறுபிறவி நம்பிக்கையைத் தத்துவப்படி நியாயப்படுத்த முடியுமா?' மறுபிறவியை மதமாகவே நம்பும் துரூஸ் மக்களின் மலையில் இதைக் கேட்ட என்னைத்தான் முதலில் திருத்த வேண்டும். முப்பது பேர் தங்கள் சித்தப்பா, பெரியப்பா மறுபடி பிறந்த கதையையே ஆதாரமாக எழுதியிருக்கிறார்கள். ஜனா என்ற மாணவி மட்டும் ஒரே வரி: 'நம்பாவிட்டால் தாங்க முடியாது, அதனால் நம்புகிறோம்.' இருபதுக்கு ஏழு போட்டு, ஓரத்தில் எழுதினேன்: 'ஆறுதல் ஆதாரம் ஆகாது.'

மாலையில் வஜ்தி மாத்தே இலைத் தேநீர் குடிக்க வந்தார். பள்ளியில் பூகோளம் நடத்துகிறவர். ஒலிவக் காய்கள் பறித்து முடிந்ததும் எங்கள் திருமணம். நாற்பத்து மூன்று வயதில் வெட்கப்படுவது எனக்கே சிரிப்பாக இருக்கிறது.

அக்டோபர் 12, ஞாயிறு

இறந்துபோன என் கணவர் நஸீபின் தங்கை அஃபீஃபா ஒரு பையனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பக்கத்து ஊர். பெயர் கைஸ், வயது ஐந்து. கூடவே அவன் அம்மா லமீஸ், தரையைப் பார்த்தபடி.

"அண்ணி, பையன் பேசுறான்" என்றாள் அஃபீஃபா.

இங்கே ஒரு பிள்ளை 'பேசுகிறது' என்றால் போன பிறவியைப் பேசுகிறது என்று அர்த்தம். பையன் சுவரில் மாட்டியிருந்த நஸீபின் படத்தை அண்ணாந்து பார்த்தான்.

"இது நான். என் மீசை எங்கே போச்சு?"

பிறகு நஸீபின் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தான். கால் தரைக்கு எட்டவில்லை.

"நஜ்லா, மாத்தே போடு."

அஃபீஃபா தேம்பித் தேம்பி அழுதாள். அந்த நேரம் பார்த்து வஜ்தி உள்ளே வந்தார். விஷயத்தைச் சொன்னார்கள். பையன் அவரை மேலும் கீழும் பார்த்தான். "இவர் வேணாம். இவ என் பொண்டாட்டி."

அக்டோபர் 13

நிதானமாக யோசிப்போம். நஸீபின் லாரி உருண்ட மலை வளைவு, மீசை, நாயின் பெயர் – பையனுக்குத் தெரிந்ததெல்லாம் மலை முழுக்கத் தெரியும். நஸீப் போனது ஏப்ரலில், பையன் பிறந்தது ஆகஸ்டில். எங்கள் கணக்குப்படி உயிர் அடுத்த பிறவிக்கு ஒரு நொடிகூடக் காத்திருக்காது. அப்படியென்றால் நடுவில் நான்கு மாதம்?

அஃபீஃபாவைக் கேட்டேன். "நடுவுல வேற எங்கேயாவது குழந்தையா பிறந்து செத்திருப்பான், அண்ணி."

ஓட்டையை அடைக்க இன்னொரு பிறவி! சரி, நினைவே அப்படியே வந்ததாக வைத்துக்கொள்வோம். நினைவு இருந்தால் ஆள் அவரே ஆகிவிடுவாரா? இதை நான் வருஷா வருஷம் மூன்று வாரம் நடத்துகிறேன். ஒருவருக்கும் ஏறியதில்லை.

அக்டோபர் 15

வஜ்திக்கும் ஏறவில்லை.

"உன் வீட்டுக்காரர் உயிரோட இருக்கறப்போ நான் எப்படி, நஜ்லா?"

"அவருக்கு இன்னும் பால் பல்லே விழலை, வஜ்தி!"

"வயசா முக்கியம்? அவர் வேணாம்னு சொல்லிட்டாரே."

அவர்! என்ன மரியாதை!

அக்டோபர் 16

ஐந்து வயதுப் பையனால் என் கல்யாணம் நின்றது. இதை யாரிடம் சொல்லி அழ?

அக்டோபர் 18

ஒரு வழி இருக்கிறது. அதற்கு, இந்த நோட்டில்கூட இதுவரை எழுதாத ஒன்றை எழுத வேண்டும்.

நஸீப் இறந்த அன்று காலை மாத்தேக் குடுவையைக் கழுவாமல் வைத்துவிட்டார் என்று சண்டை. ஒரு குடுவை! வாசலில் நின்று செருப்பு மாட்டினார். நான் சொன்னேன்: "போய்த் தொலை."

நாற்பது நிமிடத்தில் லாரி உருண்டது.

நான் என்ன வேணும்னேவா சொன்னேன்? தினமும் சண்டை போடற வீடுதானே – யார் வீட்டுல சொல்லலை? ஐந்தரை வருஷமா யார்கிட்டயும் சொல்லலை. தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் இல்லை. ஆக, பையனால் சொல்ல முடியாது. நாளை எல்லோர் முன்னாலும் கேட்கிறேன். தோற்பான். வஜ்திக்குப் புத்தி வரும்.

அக்டோபர் 19, ஞாயிறு

வஜ்தி, அஃபீஃபா, லமீஸ் எல்லோரும் இருந்தார்கள். பையன் திராட்சைப் பாகில் ரொட்டியைத் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தான்.

"கடைசி நாள் காலையில, வாசல்ல, நான் உங்ககிட்ட என்ன சொன்னேன்?" என்றேன். 'உங்க' என்று வந்துவிட்டது.

அவன் விரலை நக்கிக்கொண்டே யோசித்தான்.

"'பத்திரமா போய்ட்டு வா'ன்னு சொன்னே."

தவறு. முழுத் தவறு. எந்த அம்மாவும் எந்த வாசலிலும் தினமும் சொல்வது. லமீஸும் அவனிடம் அதைத்தான் சொல்லி அனுப்புவாள். 'இல்லை' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கல்யாணம் என் கையில்.

எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். அவனும் பார்த்தான், மோவாயில் பாகு வழிய. அவன் முகத்தில் என் மேல் துளி வருத்தம் இல்லை.

"ஆமா," என்றேன். "அதைத்தான் சொன்னேன்."

பிறகு சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, ஐந்தரை வருஷ அழுகையை ஒரேயடியாக அழுதேன்.

அக்டோபர் 21

இன்று நானே ஆதாரம் ஆகிவிட்டேன். "தத்துவ டீச்சரே ஒத்துக்கிட்டாங்க, இனி என்ன?" என்று ரொட்டிக் கடை வரை பேச்சு. வெள்ளைத் தலைப்பாகை கட்டிய மதப் பெரியவர், ஷேக் ஒருவர் தெருவில் நிறுத்தி ஆசீர்வதித்தார்.

ஜனா கேட்டாள்: "டீச்சர், அப்போ என் மார்க்கு?"

ஏழு ஏழுதான் என்றேன். இரண்டு நாளாகத் தூக்கம் நன்றாக வருகிறது. அதுவும் ஆதாரமில்லை.

நவம்பர் 2, ஞாயிறு

வஜ்தி கோட்டு போட்டுக்கொண்டு, என் கணவர் முன்னால் முழங்காலிட்டு முறைப்படி சம்மதம் கேட்டார். கைஸுக்கு வெளியே பந்து விளையாடப் போகும் அவசரம்.

"கட்டிக்கோங்க. ஆனா என் நாற்காலியில உக்காரக் கூடாது."

வஜ்தி சத்தியம் செய்தார். வருகிற மாதம் கல்யாணம்.

சாயங்காலம் லமீஸ் பையனை அழைத்துப் போக வந்தாள். வாசலில் நான்தான் அவனுக்குச் செருப்பு மாட்டிவிட்டேன்.

"பத்திரமா போய்ட்டு வா" என்றேன்.

தெருமுனை வரை போனவன், தொப்பியை மறந்துவிட்டேன் என்று திரும்பி ஓடி வந்தான்.