தனியாள் சலுகை

மார்ச் 2

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். நலம்தான். முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைத்துக்கொள்கிறது.

போனில் கேட்காமல் எதற்குக் கடிதம் என்று யோசிப்பாய். போனில் நான் ஒன்று கேட்டால் நீ ஒன்பது கேட்பாய். அதோடு, வரி அலுவலகத்தில் விசாரணைக் கவுன்ட்டரில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் பதில் சொல்கிறவள், பெற்றவள் கூப்பிட்டால் மட்டும் ‘அப்புறம் பேசுறேம்மா’ என்கிறாய். அதனால் வரிசையில் நிற்காமல் காகிதத்தில் கேட்கிறேன்.

எங்கள் ஆஸ்பத்திரி ரெக்கார்டு ரூமில் பதினோரு பேர் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கிறோமே, ஓய்வு பெறுகிறவர்களுக்குப் பரிசு வாங்க. அதன் பேரில் வங்கியில் கொஞ்சம் போட்டு வைத்திருக்கிறோம். வட்டி என்று வருஷத்துக்கு நாலு டீச்செலவு வரும். அதற்கும் கணக்குக் காட்ட வேண்டுமா? எங்கள் செயலாளருக்குக் கொஞ்ச நாளாகத் தூக்கமே இல்லை.

இன்னொன்று. இது எனக்கில்லை, பக்கத்து மேசை அக்காவுக்கு. அவளும் என்னைப்போலக் கணவனை இழந்தவள். வீட்டு வரியில் தனியாள் சலுகை வாங்குகிறாள், கால் பங்கு குறைவு. அவள் வீட்டுக்கு ஒரு விருந்தாளி வந்து போகிறார். விருந்தாளி எத்தனை நாள் தங்கினால் ‘குடியிருப்பவர்’ ஆவார்? வாரத்தில் ஐந்து நாள் என்றால்? ஆறு என்றால்? ஞாயிற்றுக்கிழமையும் சேருமா? அக்கா ரொம்பப் பயப்படுகிறாள். சீக்கிரம் எழுது.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அம்மா


மார்ச் 6

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் செயலாளரை நிம்மதியாகத் தூங்கச் சொல். அவ்வளவு சின்னச் சங்கத்துக்கு வரி கிடையாது. வரவு செலவை ஒரு நோட்டில் எழுதி, வருஷத்துக்கு ஒரு தடவை எல்லாரும் கையெழுத்துப் போட்டு வைத்தால் போதும். வங்கி ஏதாவது பிடித்திருந்தால் திரும்பக் கேட்டு வாங்கலாம்.

அக்கா விஷயத்துக்கு வருகிறேன். கவுன்ட்டருக்கு ஒரு நாளைக்கு நாற்பது பேர் வந்தால் அதில் முப்பது பேர், ‘சிநேகிதனுக்காகக் கேக்கிறேங்க’ என்றுதான் ஆரம்பிப்பார்கள். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதைதான். நாங்களும் சிரிக்காமல் சிநேகிதனுக்குப் பதில் சொல்லி அனுப்புவோம்.

மாதத்தில் பாதி நாளுக்கு மேல் தங்கினால் அவர் குடியிருப்பவர். ஞாயிறும் நாள்தான். கையில் சாவி இருந்தாலோ, துணிமணி அலமாரியில் இருந்தாலோ நாளை எண்ணக்கூட மாட்டார்கள். மறைத்தது தெரிந்தால் வித்தியாசத் தொகையோடு அதே அளவு அபராதமும் உண்டு. உங்கள் பகுதியில் இந்த மாதம் சலுகை வீடுகளை நேரில் பார்க்க வருகிறார்கள். அக்காவிடம் சொல்லி வை.

உனக்குக் கவலை இல்லை. அப்பா இறந்த வருஷம் உன் விண்ணப்பத்தில் ‘தனியாக வசிக்கிறார்’ என்று சான்றுக் கையெழுத்துப் போட்டவளே நான்தானே.

ஆமாம், உன் பக்கத்து மேசையில் இருப்பவர் அண்ணன் என்றல்லவா போன தடவை சொன்னாய்?

அன்புடன்,
உன் மகள்


மார்ச் 9

என் கண்ணுக்கு,

பக்கத்து மேசையில் அண்ணன்தான். அக்கா நான்தான். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்று சும்மாவா சொன்னார்கள்.

நான் எழுதிய அந்த விருந்தாளி ஒரு லிஃப்ட் மெக்கானிக். இரண்டரை வருஷத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரி லிஃப்டில் ஒரு தள்ளுவண்டி நிறைய ஃபைலோடு நான் மாட்டிக்கொண்டேன் என்று சொன்னேனே. ஒரு மணி நாற்பது நிமிஷம். கதவைத் திறக்கிறவரை மேலிருந்து பேசிக்கொண்டே இருந்தார். “வண்டியில என்ன இருக்கு?” என்று கேட்டார். “ஊர்ல இருக்கிற வியாதியெல்லாம் இருக்கு” என்றேன். “நல்லவேளை, நம்ம வியாதி இல்லை” என்றார். இருட்டில் தனியாகச் சிரித்தேன். உன் அப்பா போனபின் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

அதன்பிறகு மாதாமாதம் சர்வீஸ் சீட்டில் கையெழுத்து வாங்க என்னிடம் வருவார். அதில் போட வேண்டியவர் மேற்பார்வையாளர். எனக்கும் அது தெரியும், அவருக்கும் தெரியும். நானும் போட்டுத் தொலைத்தேன். மனைவி இறந்து பன்னிரண்டு வருஷம், பிள்ளைகள் இல்லை. இருபத்திரண்டு மாதமாக நம் வீட்டில்தான் இருக்கிறார். உன் அப்பா படத்தை நான் மறந்தாலும் அவர் மறக்காமல் துடைத்து வைப்பார். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியாது.

கல்யாணம் என்று பேச்சு வந்தால் உன்னிடம் சொல்ல வேண்டும். அதனால் பேச்சையே வரவிடவில்லை. வருஷா வருஷம் ‘வேறு யாரும் வசிக்கவில்லை’ என்று எழுதிக் கொடுக்க வேண்டுமே, போன தடவை தப்பும் தவறுமாக எழுதி இரண்டு படிவத்தை வீணாக்கினேன். பணத்துக்காக இல்லை. சலுகை வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள், எப்படியாவது உன் காதுக்கு வந்துவிடும் என்ற பயம்தான். உனக்குத் தெரியக் கூடாது என்று ஊருக்குப் பொய் எழுதினேன்.

இப்போது நோட்டீஸ் வந்துவிட்டது. 18ஆம் தேதி காலை பத்து மணிக்கு வருகிறார்கள். அந்த விண்ணப்பத்தில் உன் கையெழுத்து இருக்கிறதே, உன் வேலைக்கு ஏதாவது வந்தால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வேன்? உண்மையைச் சொல்லிவிடவா? நீ சொல்வதைச் செய்கிறேன்.

அம்மா


மார்ச் 12

அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது.

நான் அரசாங்க வேலையில் இருக்கிறேன். என் சான்று பொய் என்று ஆனால் என்ன ஆகும் என்று உனக்கு விளக்க வேண்டியதில்லை.

18ஆம் தேதி அந்த வீட்டில் உன்னைத் தவிர யாரும் இருக்கக் கூடாது. செருப்பு, சவரப்பெட்டி, தடிச் சட்டம் போட்ட மூக்குக்கண்ணாடி எதுவும் கண்ணில் படக் கூடாது. அலமாரியைக் காலி செய்யச் சொல். சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்.

வேறு எழுத ஒன்றுமில்லை.

மகள்


மார்ச் 19

கண்ணுக்கு,

நேற்று வந்துவிட்டுப் போனார்கள். உன் கையெழுத்துக்கு ஒரு குறையும் வரவில்லை.

நீ எழுதியதை அவரிடம் அப்படியே படித்துக் காட்டினேன். 17ஆம் தேதி சாயங்காலமே தன் சாமான்களை இரண்டு பையில் அடுக்கி, சாவியை மேசைமேல் வைத்தார். குளியலறையில் அவர் அடித்த துண்டுக் கம்பியைக் காட்டி, “இதையும் கழட்டணுமா?” என்றார். “கம்பிக்கு ஆம்பளை பொம்பளை தெரியாது, கிடக்கட்டும்” என்றேன். சிரித்தார்.

பத்து மணிக்கு வர வேண்டிய அதிகாரி பதினொன்றரைக்கு வந்தார். நல்ல மனுஷன், வெயிலில் நடந்து வந்ததில் மூச்சு வாங்கியது. “மன்னிச்சுக்கங்கம்மா, எங்க பொழப்பு அப்படி” என்று சொல்லிக்கொண்டே அலமாரியைத் திறந்து பார்த்தார், குளியலறையை எட்டிப் பார்த்தார். உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். அப்போது கதவு தட்டும் சத்தம்.

இவர்தான். ரத்த அழுத்த மாத்திரையைப் பிரிட்ஜ்மேல் மறந்துவிட்டாராம். பத்து மணிக்கு வந்தவர்கள் இந்நேரம் போயிருப்பார்கள் என்று நினைத்து வந்திருக்கிறார். இருபத்திரண்டு மாதத்தில் முதல் தடவையாக என் வீட்டுக் கதவைத் தட்டினார்.

“யாரும்மா இவரு?” என்றார் அதிகாரி.

என் நாக்கு என்னைக் கேட்கவில்லை. “லிஃப்ட் மெக்கானிக்” என்றேன்.

அதிகாரி மேலே கூரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “ஒத்தை மாடிகூட இல்லாத வீட்டுல ஏதும்மா லிஃப்ட்?”

நான் அசடு வழிய நின்றேன். அவர்தான் என்னைக் காப்பாற்றினார். “அட்ரஸ் மாறி வந்துட்டேன் சார்” என்றார். என்னைப் பார்த்து, “தொந்தரவுக்கு மன்னிச்சுக்கங்கம்மா” என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். மாத்திரைகூட வாங்கவில்லை. அதிகாரி சிரித்துவிட்டு ‘தனியாள்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

சாயங்காலம் போன் செய்தேன். எடுத்தார். அவர் வேலை பார்க்கிற பட்டறையின் மாடியில் ஒரு அறை இருக்கிறதாம், அங்கே இருக்கிறாராம். “நல்லாருக்கேன், மாத்திரை வாங்கிட்டேன்” என்று வைத்துவிட்டார்.

இப்போது படிவத்தில் ஒரு பொய்யும் இல்லை, கண்ணு. நீ தைரியமாக இரு.

அம்மா


மார்ச் 24

அன்புள்ள அம்மாவுக்கு,

இதை நாலாவது தடவை கிழித்துப்போட்டு எழுதுகிறேன். உன்னிடம் பொய் சொன்னது நான்.

சான்றுக் கையெழுத்து போட்ட நாளன்று உண்மையாக இருந்தால் போதும். அதன்பிறகு அந்த வீட்டுக்கு யார் வந்தாலும் கையெழுத்துப் போட்டவருக்குப் பொறுப்பு இல்லை. என் வேலைக்கு ஒரு ஆபத்தும் இருக்கவில்லை. நாமாகப் போய்ச் சொன்னால் அபராதமும் கிடையாது, வித்தியாசத்தை மட்டும் கட்டினால் போதும். வாரத்துக்கு நாலு பேருக்காவது இதை நான் சொல்கிறேன். யார் எவர் என்று தெரியாதவர்களுக்கெல்லாம் பொறுமையாகச் சொல்கிறேன். ‘உண்மையைச் சொல்லிவிடவா’ என்று நீ கேட்டதற்கு ‘சொல்லும்மா’ என்று ஒரு வரி எழுத எனக்கு மனசு வரவில்லை.

எனக்கு முன்பே தெரியும். எட்டு மாதத்துக்கு முன்னால் வந்தபோது டிவிக்குப் பக்கத்தில் அந்தக் கண்ணாடியைப் பார்த்தேன். நீ குளிக்கப் போயிருந்தபோது எடுத்துப் போட்டுப் பார்த்தேன். அப்பாவின் பவர் எனக்கு நன்றாகத் தெரியும், சின்ன வயதில் அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஓடியவள்தானே. இது அது இல்லை. வைத்த இடத்திலேயே வைத்துவிட்டு, அன்று மத்தியானமே அவசர வேலை என்று கிளம்பினேன். அதன்பிறகு வரவே இல்லை. கேட்டால் நீ சொல்லிவிடுவாய் என்று பயந்தேன்.

அப்பா இருந்த இடத்தில் வேறு ஒரு ஆள் என்று நினைத்தாலே வயிறு எரிந்தது. எனக்கு ஆபத்து என்றால் நீ எதையும் விட்டுவிடுவாய் என்று தெரியும். தெரிந்துதான் எழுதினேன் அம்மா. சட்டம் எனக்குக் கையில் கிடைத்த தடியாகிவிட்டது.

இத்துடன் திருத்தப் படிவம் வைத்திருக்கிறேன். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை வேறொருவர் வசித்தார் என்று எழுதி, இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். சோதனை நடந்து முப்பது நாளுக்குள் கொடுத்தால் அபராதம் இல்லை. அவர் திரும்பி வந்துவிட்டால் ‘வரை’ என்ற கட்டத்தைக் காலியாக விடலாம்.

நான் நேரில் வந்து அவரிடம் மன்னிப்புக் கேட்கட்டுமா? நீ வா என்றால் அடுத்த வண்டியில் கிளம்புகிறேன்.

உன் மகள்


ஏப்ரல் 11

கண்ணுக்கு,

இத்தனை நாள் பதில் எழுதாததற்குக் காரணம் கோபம்தான், வேறென்ன. உன் கடிதத்தைப் படித்துவிட்டு, “அடிப்பாவி!” என்று வாய்விட்டே கத்தினேன். ரெக்கார்டு ரூமில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பிறகு யோசித்தேன். நீ எழுதியது ஒரு காகிதம். ‘லிஃப்ட் மெக்கானிக்’ என்று சொன்ன வாய் என்னுடையது. அந்த நேரத்தில் நீ பக்கத்தில் நின்று என் வாயைப் பொத்தவில்லை.

படிவத்தை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். கை கழுவிவிட்டு வந்து, டீ வரவழைத்து, ஒரு வரி விடாமல் படித்தார். “யாருக்கும் தெரியாதே, எதுக்கு வீணா கட்டணும்?” என்றார். “எனக்குத் தெரியுமே” என்றேன். வந்த தேதியை நான் மூன்று நாள் தள்ளி எழுதியிருந்தேன். அடித்துத் திருத்தினார். ‘வரை’ என்ற கட்டத்தை நான் காலியாக விட்டிருந்தேன். “இதை நீங்களே எழுதுங்க” என்று பேனாவைக் கொடுத்தேன்.

டீ ஆறும்வரை பேனாவைக் கையிலேயே வைத்திருந்தார். அப்புறம் மார்ச் 17 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். “கோவம் இல்லைங்க. கோவமா இருந்தா ரெண்டே நாள்ல வந்திருப்பேன். நான் யாருன்னு உங்களுக்கே சொல்ல வரலையே. இந்த வயசுல ஒளிஞ்சு ஒளிஞ்சு இருக்க என்னால முடியாது” என்றார். பஸ் வரும்வரை கூட நின்று ஏற்றிவிட்டுப் போனார்.

நேற்று அலுவலகத்தில் அதே அதிகாரிதான் இருந்தார். படிவத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். லிஃப்டைப் பற்றி ஏதோ கேட்க வாயெடுத்து, கேட்காமல் விட்டுவிட்டார். “நீங்களா சொல்லாம தெரிஞ்சிருக்காதேம்மா” என்றார். இருபத்திரண்டு மாதத்துக்கும் முழு வரி கட்டினேன். ரசீதில் ‘குடியிருந்தோர்: இருவர்’ என்று அச்சாகி வந்தது. எங்களுக்குச் சேர்ந்து எடுத்த ஒரு போட்டோகூடக் கிடையாது. அவர் என்னோடு இருந்தார் என்று சொல்கிற காகிதம் இந்த உலகத்தில் இது ஒன்றுதான்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதப் பார்த்தேன். கை வரவில்லை. இனிமேல் பொய் எழுத வேண்டாம் என்று விட்டுவிட்டேன். வரும், நாளாகும். அவரிடம் நீ மன்னிப்புக் கேட்க வேண்டாம். உன்னைப்பற்றி அவர் ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை, நீ போய் நின்றால் அவருக்குத்தான் சங்கடம்.

ஆனால் நீ வர வேண்டும். மார்ச் 18 முதல் எனக்கு மறுபடி சலுகை உண்டாம். பழைய சான்று செல்லாதாம், புதிதாக ஒன்று வேண்டுமாம். கையெழுத்துப் போடுகிறவர் இந்தத் தடவை வீட்டுக்கு வந்து நேரில் பார்த்த பிறகுதான் போட வேண்டுமாம். வந்து ஒவ்வொரு அறையாகப் பார். அம்மா தனியாகத்தான் இருக்கிறாள் என்று உன் கையாலேயே எழுதிக் கொடுத்துவிட்டுப் போ.

அம்மா