மூடியைச் சட்டைப் பையில் போட்டவன்

தாயில்பட்டி
வியாழக்கிழமை

அன்பு மகன் அன்பரசனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உன் தம்பி காசிராஜனும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அந்த மஸ்கட் வெயிலில் நேரத்துக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க மாரியம்மன் துணை இருக்கட்டும். போனில் பேசுகிறவளுக்கு இப்போது என்ன கடிதாசி என்று நினைப்பாய். போனில் நான் ஒரு விஷயத்தை ஆரம்பித்தாலே உனக்கு டவர் போய்விடுகிறது. காகிதத்துக்கு டவர் தேவையில்லை பார், அதனால்தான் அய்யாதுரை லீவு முடிந்து மஸ்கட்டுக்குத் திரும்புகிறான் என்றதும் சேவுப் பொட்டலத்தோடு இதையும் கொடுத்து விடுகிறேன்.

உன் தம்பி நடிகன் ஆகிவிட்டான். சிரிக்காதே, கோப்பையே வாங்கிவிட்டான். படிக்கிற வயசில் பிள்ளைகள் குடிக்கக் கூடாது என்று பள்ளிக்கூடத்தில் நாடகம் போடச் சொல்லி மேலே இருந்து உத்தரவு வந்ததாம், திங்கட்கிழமை உத்தரவு, வெள்ளிக்கிழமை நாடகம். விற்கிறதும் அவர்கள்தான், வேண்டாமென்று ஆடச் சொல்கிறதும் அவர்கள்தான், பிள்ளையையும் கிள்ளித் தொட்டிலையும் ஆட்டுகிற கதை. பள்ளிக்கூடத்துக்கும் சரக்குக் கடைக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு புளியமரம். மைக் செட் யார் கொடுத்தது என்று நினைக்கிறாய், அந்தக் கடையை ஒட்டி பார் நடத்துகிறவர்தான், நாடகத்துக்கு வேண்டிய காலி பாட்டிலும் அவர் உபயம், அவர் பெயரை மூன்று தடவை சொல்லி நன்றி வேறு. தலைமை விருந்தினர் மாணவச் செல்வங்களே என்று ஆரம்பித்து ஒரு மணி நேரம் பேசினார், அதைக் கேட்டால் குடிக்காத பிள்ளைக்குக்கூட ஒரு வாய் ஊற்றிக்கொள்ளலாமா என்று தோன்றியிருக்கும்.

நாடகத்தை எழுதியது செல்வலட்சுமி டீச்சர். தங்கமான பிள்ளை, சரக்கு பாட்டிலை அன்றைக்குத்தான் கையால் தொட்டிருக்கும். அந்தக் கதைப்படி ஒரு பையன் ஒரு மடக்குக் குடிக்கிறான், உடனே தள்ளாடுகிறான், உடனே ரத்தம் கக்குகிறான், உடனே எமன் வந்துவிடுகிறான். எமனாக வந்த ஓவியா என்கிற பிள்ளைக்கு மீசை பாதி பிய்ந்து தொங்கியது, பாசக்கயிறு வெடிக்குச் சுற்றுகிற சணல். மடக்குக்கு ஒரு எமன் என்றால் நம்ம ஊரில் ஆம்பளை ஒருத்தன் மிஞ்சமாட்டான். பெரிய வகுப்புப் பையன்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள், நானும்தான் சிரித்தேன், காசி பாட்டிலைக் கையில் எடுக்கிற வரைக்கும்.

அவன் எடுத்தான், தலைகீழாகப் பிடித்து முழங்கையால் அடியில் ஒரு தட்டு, ஒரு திருகு, மூடியைச் சட்டைப் பையில் போட்டு மேலே இரண்டு தட்டுத் தட்டினான், விரலை நனைத்துத் தரையில் மூன்று சொட்டுச் சுண்டினான், அப்புறம்தான் அந்தக் கலர்த் தண்ணீரைக் குடித்தான். கூட்டம் விசிலடிக்கிறது. டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டு, 'அக்கா, நான் இதெல்லாம் சொல்லியே குடுக்கலக்கா, உங்க வீட்டுக்காரகளும் பீடிகூடத் தொடமாட்டாகளாமே, எங்கன இருந்துதான் பிடிச்சானோ, பிறவி நடிகன்க்கா' என்கிறது. உங்கப்பா பட்டாசுக் கம்பெனி மருந்து ரூமில் வேலை பார்க்கிற மனுஷன், கை நடுங்கினால் தன்னோடு நாலு பேரையும் கொண்டுபோய்விடும் என்று எதையும் தொடாமல் இருக்கிறவர். இப்போது கம்பெனியில் லோடு ஏற்றுகிறவனை நிறுத்தி வைத்து, 'எம்மவன் எம்புட்டு நல்லா நடிச்சான் தெரியுமாலே' என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்.

எனக்கு மட்டும் கைதட்ட வரவில்லை. மூடியைப் பையில் போட்டுத் தட்டுகிறவனை நான் ஏற்கனவே பார்த்திருக்கிறேன். மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு நீ வந்திருந்தபோது வத்தல் அள்ள மாடிக்கு ஏறினேன், நீயும் உன் கூட்டாளிகளும் என்னைக் கவனிக்காமல் உட்கார்ந்திருந்தீர்கள், உன் கையில் அதே தட்டு, அதே பை, அதே மூன்று சொட்டு. சம்பாதிக்கிற பிள்ளை, வருஷத்துக்கு ஒரு தடவை வருகிறான் என்று சத்தம் காட்டாமல் இறங்கி வந்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் காசியை அடுப்படியில் உட்கார வைத்துக் கேட்டேன். சும்மா பார்த்துப் பழகினது என்று சொல்வான் என்றுதான் இருந்தேன். தலையைத் தூக்காமல், 'அண்ணன்தாம்மா ஒரு மூடி ஊத்திக் குடுத்தான், ஆம்பளப் பிள்ளைன்னா ருசி தெரிஞ்சிருக்கணும்லேன்னான், அம்மாகிட்டச் சொல்லாதன்னான்' என்கிறான். அதற்கப்புறம் கூட்டாளிகளோடு மூன்று தடவையாம், அது மூடிக் கணக்கில் இல்லையாம். அவனுக்குப் பதினைந்து வயசுதான், அன்பு.

அடுத்த புதன்கிழமை சூலக்கரையில் மாவட்டப் போட்டி. காசி அந்த வேஷம் கட்டமாட்டான் என்று சொல்லிவிட்டேன், டீச்சர் அழாத குறையாக, 'அவன விட்டா யாருக்கா இப்பிடிக் குடிப்பா' என்று கேட்கிறது. இவனுக்குச் சொல்லிக்கொடுத்த வாத்தியார் மஸ்கட்டில் இருக்கிறார், லீவு கிடைத்தால் வரச்சொல்கிறேன் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது, முழுங்கிக்கொண்டேன்.

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் அந்த மனுஷன் மறுநாள் எந்தக் கையோடு மருந்து ரூமுக்குள் போவார், நீயே சொல். அதனால் இதைப் படித்த அன்றைக்கே காசிக்குப் போன் போடு. நான் கண்டித்தால் அண்ணன் மட்டும் குடிக்கலாமா என்கிறான், அதற்குப் பதில் உன்னிடம்தான் இருக்கிறது. தலைமை விருந்தினர் மாதிரி நீட்டி முழக்காதே. நான் செய்தது தப்புலே, நானும் விட்டுவிட்டேன் என்று சொல். விட்டுவிட்டுச் சொல், இல்லையென்றால் அதுவும் நடிப்பாகிவிடும், வீட்டுக்கு ஒரு நடிகன் போதும்.

வாரம் ஒரு நாள் தலைக்கு எண்ணெய் வைத்துக் குளி. சேவு டீக்குத் தொட்டுக்கொள்ள, வேறு எதற்கும் அல்ல. எவ்வளவு கோபம் இருந்தாலும் நீ என் மூத்த பிள்ளை, நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இரு.

கோப்பையைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்வாய், அனுப்பமாட்டேன். டிவிக்குப் பக்கத்தில் இருக்கிறது, காசி சட்டைப் பையில் கிடந்த மூடியை அதற்குள்தான் போட்டு வைத்திருக்கிறேன். அப்பா அதைத் தினமும் துடைக்கிறார், இன்னும் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. அவர் பார்ப்பதற்குள் வந்து எடுத்துக்கொள், அது உன் பரிசு.

உன்னைப் பெற்றவள்,
சண்முகத்தாய்